வாயைத் திறந்து காத்திருக்கும் என் மகனுக்கு

அப்பா, மேலே மகன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே. அந்த முறையை வைத்தது நீதான். வாதம் அடித்துப் பேச்சு போய், மறுபடி ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தபோது, உன் வாயிலிருந்து குழறாமல் வந்த முதல் பேச்சு "என்னப் பெத்தவளே" என்பது. நான் அப்போது உன் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் பெத்தவளே, ஃபேனை நிறுத்த வேண்டுமென்றாலும் பெத்தவளே. சரி, பெற்றவளாகவே எழுதுகிறேன். வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றவர்கள் எழுதினால் அதில் அன்பும் புத்திமதியும் இருக்கும் என்பார்கள். இதில் அதிகம் இருக்கப்போவது அருவருப்பு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது பொய்க் கடிதமாகிவிடும்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கே தெரியும். வகுப்பில் என் பேரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஆப்சென்ட் வாங்கியவள் நான். ஆனால் திங்கட்கிழமை காலையில் செவிலிமேட்டு ஸ்டாப்பில் நான் கம்பெனி பஸ் ஏறுகிறேன். பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். அம்மா விடியலிலேயே உன்னைக் கழுவி, குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு மெஸ்ஸுக்குச் சமைக்கப் போய்விடுவாள். மத்தியானம் உனக்குச் சோறு ஊட்ட இந்த வீட்டில் ஆள் இருக்காது. சோறு இருக்கும், தட்டு இருக்கும், நீ இருப்பாய். நீயே எடுத்துச் சாப்பிடுவாயா, பட்டினி கிடந்து என்னைத் திரும்ப வீட்டுக்கே இழுத்துவிடுவாயா என்பது எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ விழுந்த நாளை நான் உனக்குச் சொன்னதில்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாய். தறிச் சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தோம். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாபா, தூங்கிக்கினா நெய்யிற?" என்று சிரித்தாள். நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய். பாதி முகம்தான் சிரித்தது. வலது கால் மிதியிலிருந்து வழுக்கிக் குழிக்குள் துணியாகக் கிடந்தது. அம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஊற்றினாள். அது அப்படியே கடைவாய் வழியாக இறங்கி, நீ நெய்துகொண்டிருந்த புடவை மேல் விழுந்தது. நீ உடம்பைத் தூக்க முடியாமல் இருந்தபோதும் அந்தக் கறையைத்தான் பார்த்தாய். அதன் பிறகு ஆட்டோ, பெரிய ஆஸ்பத்திரி, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது என்ற சேதி. அதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான்.

உனக்கு முழுதாக நினைவிருக்குமா என்று தெரியாத ஒன்று, அந்தப் புறா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், உன் அக்கா, என் அத்தை, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். "இங்லீஷ் மருந்து ரத்தத்த சில்லுன்னு ஆக்கிடும்மா. புறா ரத்தம் சூடு. சூடா தேச்சா செத்த நரம்புகூட எழுந்துக்கினு வரும்," என்றாள். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, றெக்கையக் கெட்டியா புடி" என்றாள். நான் பிடித்தேன். அது என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. "நல்ல புறா, இன்னா சூடு பாரு" என்று சொல்லிக்கொண்டே அத்தை உன் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் பூசினாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணீர் படக்கூடாதாம். ரத்தம் காய்ந்து, கறுத்து, பாளம்பாளமாக வெடித்தது. ஈ மொய்த்தது. அக்குளில் எறும்பு ஏறியது. நீ ஒரு கையால் எதை ஓட்டுவாய்? நான் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விசிறினால் நாற்றம் என் பக்கம் வந்தது. எழுந்து போய் சாக்கடையோரம் வாந்தியெடுத்துவிட்டு வந்து, மறுபடி விசிறினேன். அந்தப் புறா யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது. உன் கைக்கு அது ஒரு நல்லதும் செய்யவில்லை. இன்றைக்கும் கோபுரத்தடியில் புறாக்கள் கூட்டமாக இறங்கினால் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அந்த மேடம் நம்மை அனுப்பும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சாப்பாட்ட மட்டும் அவரையே சாப்பிட விடுங்க. எடது கையால அள்ளட்டும். வலது கை சும்மா தொங்கக் கூடாது, தட்டப் புடிக்கிற வேலையாவது அதுக்குக் குடுங்க. சிந்தும். சிந்தட்டும்." அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து முதல் நாள் தட்டு வைத்ததும், நீ இடது கையைச் சோற்றின் மேல் கொண்டுபோனாய். பசியில் வேகமாகத்தான் கொண்டுபோனாய். அத்தை, "ஐயே, இன்னாடா இது, பீச்சாங்கையில சோத்த அள்ற? அன்னம்டா அது, லட்சுமிடா," என்றாள். நீ கையை இழுத்து வேட்டிக்குள் மறைத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் பயந்து கையை ஒளிக்கும் பையனை மாதிரி. அத்தை என்னைப் பார்த்து, "பொம்பளப் புள்ள ஒண்ணு நிக்கிதில்ல, ஊட்டேன்மா" என்றாள். நான் ஊட்டினேன். அவ்வளவுதான். பதினோராம் வகுப்பு நின்றதும் அந்தக் கவளத்தில்தான். படிப்பை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் இருந்துக்கோமா" என்று அம்மா தினமும் சொன்னாள்.

அதன் பிறகு ஒரு முறை நீ முயற்சி செய்தாய், அதையும் மறக்கவில்லை. அத்தை வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்து ஊட்ட வேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு அத்தனை பேர் நடுவில் கை எழவில்லை. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வடை ஆறிக்கொண்டிருந்தது. நீ இடது கையை நீட்டி அதை எடுத்துக் கடித்தாய். உனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தன் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு எழுந்தார். "தப்பா எடுத்துக்காதபா, வயித்தப் பொரட்டுது, அப்பால போயி குந்திக்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கடித்த வடையை நீ இலையில் திரும்ப வைத்தாய். அந்த வடையில் உன் பல் பதிந்த இடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆள் சொன்னது எனக்குக் குமட்டியது. அவருக்காக நீ பசியோடு எழுந்தது அதைவிடக் குமட்டியது.

இப்போது உன்னைப் பற்றி. பெற்றவளாக எழுதுவதால் இதைச் சொல்கிறேன். ஊட்டுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆரம்பத்தில் இல்லை, பரிதாபமாக இருந்தது. பிறகு மாறிவிட்டது. நீ முருங்கைக்காயைச் சவைத்துவிட்டு என் உள்ளங்கையைத் தேடித் துப்புகிறாய். மிளகாய் வந்தால் நாக்கால் தள்ளுகிறாய், அதை நான் விரலால் எடுக்க வேண்டும். உன் எச்சில் என் மணிக்கட்டு வரைக்கும் வழிகிறது. சோறு சூடாக இருந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணாலேயே திட்டுகிறாய். நான் தட்டோடு சமையலறையிலிருந்து வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்தத் திறந்த வாய்தான் அப்பா. கனவில்கூட வருகிறது. உன் உடம்பைக் கழுவும்போது எனக்கு அவ்வளவு தோன்றுவதில்லை. நோய் என்று மனசு சமாதானமாகிவிடுகிறது. அந்த வாயைப் பார்த்தால் ஆகவில்லை. பிள்ளையின் மேல் அருவருப்புப் படுகிற தாய் உண்டா என்று நான் எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். உண்டு போலிருக்கிறது.

மேடம் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை எல்லாம் நான் விடாமல் செய்ய வைத்தேன். துணி கிளிப்பைப் பிடிக்கச் சொன்னால் உன் வலது கை மாவுப் பொம்மையாகக் கிடக்கும். துண்டை மடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாய். கால் மட்டும் எப்படியோ வந்தது. கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் இழுத்து நடந்தாய். பார்க்க வருகிறவர்கள், உன் எதிரிலேயே, நீ மரக்கட்டை மாதிரி, "கையி அவ்ளோதாம்மா, பூர்வ ஜென்மத்துப் பாவம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். குடித்த டம்ளரையும் நான்தான் கழுவுவேன். அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

அந்தப் பொரி நாள் வரைக்கும் நம்பினேன். ரேஷன் கடை திறக்கவில்லை என்று நான் பாதியில் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. நீ கட்டிலில் உட்கார்ந்து பொரி டப்பாவை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாய். அணைத்திருந்தது உன் வலது கை. செத்துப்போனது என்று எல்லாரும் சொன்ன கை, டப்பாவின் விளிம்பை விரலால் வளைத்துப் பிடித்திருந்தது. இடது கையால் பொரியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றுகூடச் சிந்தவில்லை. பழகின கை. சந்தோஷத்தில் உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். கதவு கிரீச்சிட்டது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். வலது கையைத் தளர விட்டாய். டப்பா உருண்டு, தரை முழுக்கப் பொரி. இடது கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டாய். பிறகு, அப்பா, பிறகு நீ வாயைத் திறந்தாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். குனிந்து தரையிலிருந்த பொரியைப் பொறுக்கி, ஊதி, உனக்கு ஊட்டினேன். இந்த வீட்டில் நடந்ததிலேயே, புறாவையும் சேர்த்துச் சொல்கிறேன், எனக்கு மிகவும் அருவருப்பானது அதுதான். உன் வாயும் என் கையும் சேர்ந்து ஆடிய அந்தப் பொய்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நீ பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் மேடத்திடம் தரையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ கை வருது உங்க அப்பாவுக்கு. நீதான் வர விடல."

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். ஊட்டிதான் விட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். வேலை குடுக்காத கைய மூளை மறந்துடும்மா. நல்ல பொண்ணா இருந்தே ஒருத்தரக் கெடுக்கிறதுல நீ ஸ்டேட் ஃபர்ஸ்ட்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி வேலைக்குப் பேர் கொடுத்தது அந்த வாரம்தான். வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். உன் எதிரிலிருந்து நான் நகர வேண்டும் என்பது இன்னொன்று. அதை இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம், உன் முதுகைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் கேட்டேன். "அன்னைக்குப் பொரி தின்னுக்கினு இருந்தியே, நான் வந்ததும் எதுக்குப்பா வாயத் தொறந்த?"

நீ குனிந்துகொண்டாய். பிறகு, "அசிங்கம்" என்றாய். "நீ... பாக்கக் கூடாது."

"எது அசிங்கம்?"

நீ இடது கையைத் தூக்கிக் காட்டினாய். "இது."

பதில் வருவதற்கு எனக்கு எப்போதும் நாளாகும். இப்போது வந்திருக்கிறது, கேட்டுக்கொள். இடது கை ஏன் அசிங்கம்? கழுவுகிற கை என்பதால். நம் ஊரில் தீர்த்தம் வாங்க அந்தக் கை நீளக்கூடாது, ஒருவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவும் நீளக்கூடாது. சரி. ஆனால் நீ விழுந்த நாளிலிருந்து உன் இடது கை எதைக் கழுவியது? பாத்ரூமில் நீ விழாமல் இருக்க அந்தக் கையால் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்கிறாய். கழுவ உனக்கு வேறு கை இல்லை. கழுவுவது அம்மா, அம்மா இல்லாத நேரத்தில் நான். என் இடது கை உன்னைக் கழுவுகிறது. சோப்புப் போட்டுக்கொண்டு வந்து, என் வலது கை உனக்கு ஊட்டுகிறது. அந்த வலது கையில்தான் உன் மிளகாயையும் முருங்கைச் சக்கையையும் துப்புகிறாய். கணக்குப் பார்த்தால் இந்த வீட்டிலேயே சுத்தமான கை உன் இடது கைதான் அப்பா. அது குழாயையும் கம்பையும் பொரியையும் தவிர எதையும் தொடவில்லை. அதை வேட்டிக்குள் மறைத்துவிட்டு என் கைக்கு வாயைத் திறக்கிறாய். இதில் எது அசிங்கம்?

எழுதுவது எளிது என்று நீ நினைக்கலாம். அதனால்தான் நேற்று அப்படிச் செய்தேன். அத்தையும் வந்திருந்தாள். உனக்கு ஊட்டி முடித்துவிட்டு, என் தட்டைப் போட்டுக்கொண்டு உனக்கு எதிரில் உட்கார்ந்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இடது கையைச் சோற்றில் வைத்தேன். உடம்பு முழுக்கக் கூசியது. கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். பிறந்ததிலிருந்து யாரோ என் தலையில் உட்கார்ந்து சீ, சீ என்று சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது. அத்தை, "இன்னாடி உனக்கு வந்துச்சு கேடு? அவனுக்குத்தான் விதி, உனக்குமா?" என்றாள். நான் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த கவளம் விரல் நடுவில் வழிந்து மடியில் விழுந்தது. அதற்கடுத்ததும். அந்தக் கைக்குச் சோறு அள்ளவே தெரியவில்லை.

அப்போது நீ பேசினாய். "கட்டவெரலு," என்றாய். "கட்டவெரலால... தள்ளு. கொஞ்சமா அள்ளு. குனி."

நான் குறைவாக அள்ளினேன். குனிந்தேன். கட்டைவிரலால் தள்ளினேன். சோறு வாய்க்குள் போனது.

அத்தை உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்கு எப்பிடிடா தெரியும் இந்த வித்தையெல்லாம்?" என்றாள். நீ திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்தாய். பாதி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியும் கொஞ்சம் அசைந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே திங்கட்கிழமை. தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்திருப்பேன். குழிவான பெரிய தட்டு, சோறு பிசைந்தே இருக்கும், மேலே முறம் மூடியிருக்கும். முருங்கைக்காய் இருக்காது. வலது கை தட்டைப் பிடிக்கட்டும், அதற்குப் பிடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும். யாராவது எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அவர்கள் புறா ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள். அத்தை வந்து ஊட்ட உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள். இதுதான் பெற்றவள் சொல்லும் புத்திமதி, வேறு பெரிதாக எதுவும் என்னிடம் இல்லை.

நான் வீடு திரும்பும் வரைக்கும் எதையும் துடைக்காதே, அம்மாவையும் துடைக்க விடாதே. தட்டில் சோறு காய்ந்து ஒட்டியிருக்கட்டும். கட்டிலிலும் தரையிலும் பருக்கை சிதறிக் கிடக்கட்டும், எறும்பு வரிசை கட்டட்டும், உன் சட்டையெல்லாம் சாம்பாராக இருக்கட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து நான் அதைப் பார்க்க வேண்டும். அதைச் சுத்தம் செய்ய எனக்கு அருவருப்பாக இருக்காது.